கோபுரத்துக்காகக் காத்திருந்த பாலம்

1989 அக்டோபர் 17 மாலை 5 மணி 4 நிமிடத்துக்கு அமெரிக்காவின் காலிஃபோர்னியா மாநிலத்தில் நிலம் அதிர்ந்தது. அதிர்வின் அளவு 6.9. சான்பிரான்சிஸ்கோ நகரையும் வளைகுடாவுக்கு அக்கரையில் உள்ள ஓக்லண்ட் நகரையும் இணைக்கும் பாலத்தில், ஓக்லண்ட் பக்கத்துப் பாதியில், மேல் தளத்தின் ஒரு துண்டு பெயர்ந்து கீழ்த் தளத்தின்மேல் சாய்ந்தது. விழுந்த துண்டின் நீளம் 15 மீட்டர்தான். பல கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தில் அது ஒரு பல் விழுந்தது போன்றது. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கார் பாய்ந்தது. ஓர் உயிர் போயிற்று.

ஒரு மாதத்தில் பழுது பார்த்துப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். எனினும் 1936-இல் கட்டப்பட்ட அந்தக் கிழக்குப் பாதி, அருகிலேயே ஒரு பெரிய அதிர்வு நேர்ந்தால் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேற்கே சான் ஆண்டிரியஸ் பிளவு, கிழக்கே ஹேவர்டு பிளவு; இரண்டுக்கும் நடுவே பாலம். நாள்தோறும் ஏறக்குறைய 2,80,000 ஊர்திகள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்குப் பதிலான புதிய பாலம் திறக்கப்பட்ட நாள் 2013 செப்டம்பர் 2. இடையே கழிந்தவை ஏறக்குறைய 24 ஆண்டுகள். செலவு சுமார் 640 கோடி டாலர்.

இத்தனை காலமும் பணமும் எங்கே போயின? ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. பாலம் எந்த வழியாகச் செல்லவேண்டும் என்பதில் நகராட்சியும் கடற்படையும் பிணங்கியதால் சில ஆண்டுகள் வீணாயின. எஃகின் விலையும் ஏறிற்று. ஆயினும் காலத்திலும் செலவிலும் ஒரு பெரும் பங்கை விழுங்கியது, அந்த இடத்துக்குத் தேவைப்படாத ஒரு கோபுரமே என்பது என் கருத்து. இதைச் சொல்லப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. மேல்நிலை வகுப்பு விசையியல் போதும்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். பழைய கிழக்குப் பாதியைப் பலப்படுத்துவதைவிடப் புதிதாகக் கட்டுவதே நல்லது என்ற முடிவுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறை 1997 வாக்கில் வந்தது. அது முன்வைத்த எளிய வடிவம், கரையிலிருந்து தீவு வரை தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் கான்கிரீட் தளம் அமைப்பது. நம் ஊர்களில் ஆற்றுப் பாலங்களைக் கட்டும் முறைதான்; அளவு மட்டும் பெரிது. இந்த வடிவம் வளைகுடா மக்களின் தலைவர்களுக்குப் பிடிக்கவில்லை. மேற்கே உலகப் புகழ்பெற்ற கோல்டன் கேட் பாலம் நிற்கும்போது, கிழக்கே ஒரு சாதாரண மேம்பாலமா என்று கேட்டார்கள். அழகு வேண்டுமானால் அதற்கு நீங்களே பணம் கொடுங்கள் என்றது மாநில அரசு. நில அதிர்வுப் பாதுகாப்புக்காக ஊர்தி ஒன்றுக்கு 1 டாலர் கூடுதல் சுங்கம் வசூலிக்க 1997-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வடங்கள் தாங்கும் பாலம், மிதிவண்டிப் பாதை முதலிய மேலதிக வசதிகள் வேண்டுமென்றால் அச்சுங்கத்தை மேலும் சிறிது காலம் நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இடமிருந்தது. ஆக, கோபுரம் ஒரு மேலதிக வசதி என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது.

1998-இல், பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்றின் பரிந்துரைப்படி, வட்டாரப் போக்குவரத்து ஆணையம் தன் தேர்வைச் செய்தது. நீளத்தின் பெரும்பகுதி தூண்வரிசைப் பாலமாகவே இருக்கும். தீவை ஒட்டிய சிறு பகுதி மட்டும் ஒற்றைக் கோபுரத் தொங்குபாலமாக இருக்கும். அதுவும் சாதாரணத் தொங்குபாலம் அன்று; தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும் தொங்குபாலம்.

இந்தக் கடைசித் தொடரில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகளை ஒரே உயரத்தில் அடித்து, ஒரு கயிற்றைக் கட்டி, நடுவில் 1 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுங்கள். கயிற்றின் நடுப்பகுதி 50 சென்டிமீட்டர் கீழே இறங்கும்படி தளர்வாக இருந்தால், கயிற்றில் ஏற்படும் இழுவிசை 1 கிலோகிராம் எடையைச் சற்றே மீறும். கயிற்றை முறுக்கிக் கட்டி, நடுப்பகுதி 10 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும்படி செய்தால், அதே எடைக்கு இழுவிசை 5 கிலோகிராம் எடையாக உயர்ந்துவிடும். துணி காயப்போடும் கொடியை எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ, ஆணி அவ்வளவு சீக்கிரம் பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். தொங்குகின்ற எதுவும் தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கும். இதற்கு விதிவிலக்கு இல்லை.

அப்படியானால் தொங்குபாலத்தின் வடங்களை யாராவது இரு முனைகளிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கோல்டன் கேட் பாலத்தில் கரையிலுள்ள பெரும் கான்கிரீட் பாறைகள் பிடித்துக்கொள்கின்றன. விசை நிலத்துக்குள் போய்ச் சேர்கிறது. ஓக்லண்ட் பக்கத்தில் அது நடவாது. தீவின் அருகே பாறை உண்டு. அங்கிருந்து கிழக்கே சென்றால் வளைகுடாவின் அடியில் ஆழமான சேறும் களிமண்ணுமே. வெண்ணெயில் ஆணி அடித்து எந்தக் கொடியைக் கட்டுவது?

எனவே வடத்தின் முனைகளைப் பாலத்தின் தளத்திலேயே கட்டிவிட்டார்கள். இரு முனைகளும் உள்நோக்கி இழுக்கப்படும். நடுவே உள்ள தளம் அந்த இழுப்பை எதிர்த்து விறைத்து நிற்கும். வில்லையும் நாணையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாண் இழுக்கிறது, மரம் அமுக்கத்தைத் தாங்குகிறது. இங்கே வடமே நாண். ஊர்திகள் ஓடும் தளமே மரம். ஒரு மெல்லிய அடிக்கோலை இரு முனைகளிலும் பிடித்து அழுத்தினால் அது உடனே வளைந்து நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். பாலத்தின் தளம் அப்படி நெளியக்கூடாது. ஆகவே ஊர்திகளின் பளுவைத் தாங்கத் தேவையான அளவைவிடத் தளத்தை இன்னும் திண்ணமாக, இன்னும் அதிக எஃகு இட்டுச் செய்யவேண்டும்.

கரும்பலகையில் இப்படத்தை வரைந்து காட்டினால் கூர்மையான மாணவர் ஒருவர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: "சார், வடத்தைத் தளம் பிடித்திருக்கிறது, தளத்தை வடம் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் முதலில் எதைக் கட்டுவது?" இந்தக் கேள்வியில்தான் கோடிக்கணக்கான டாலர்கள் அடங்கியிருக்கின்றன. சாதாரணத் தொங்குபாலத்தில் கோபுரம், வடம், அதன்பின் தளம் என்பது வரிசை. வடமே சாரமாகவும் பயன்படும். தளத் துண்டுகளை அதிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டே போகலாம். தன்னைத் தானே பிடிக்கும் பாலத்திலோ தளம் முழுவதும் முதலில் இருந்தாக வேண்டும். வடம் இல்லாமல் தளம் எப்படி நிற்கும்? அதற்குக் கீழே எஃகினால் ஒரு தற்காலிகச் சாரம் வேண்டும். அதாவது பாலத்தைக் கட்டுவதற்காகக் கடலில் முதலில் இன்னொரு பாலத்தைக் கட்டி, வேலை முடிந்ததும் அதைப் பிரித்து எடுக்கவேண்டும். இங்கேயும் அப்படித்தான் செய்தார்கள்.

வேலை வியக்கத்தக்கது என்பதை மறுக்க மாட்டேன். கோபுரத்தின் உயரம் 160 மீட்டர். ஒரு பக்கம் 385 மீட்டரும் மறுபக்கம் 180 மீட்டரும் தாங்குகிறது. வடம் ஒன்றே ஒன்றுதான். கிழக்கு முனையில் தொடங்கிக் கோபுர உச்சிக்கு ஏறி, மேற்கு முனையைச் சுற்றி வளைந்து, மீண்டும் கோபுரம் ஏறிக் கிழக்கு முனைக்கே வந்து சேர்கிறது. அதில் 137 கற்றைகள். ஒவ்வொன்றிலும் 127 கம்பிகள். ஆக 17,399 கம்பிகள். கோபுரம் நான்கு தனித்தனிக் கால்களால் ஆனது. கால்களை இணைக்கும் குறுக்கு எஃகுத் துண்டுகள், அதிர்வின்போது தாங்களே நெளிந்து ஆற்றலை உட்கொண்டு, கால்களைக் காப்பாற்றும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. பிறகு நெளிந்த துண்டுகளை மட்டும் மாற்றிவிடலாம். மிக நல்ல இயற்பியல். ஆனால் அது தீர்த்துவைப்பது கோபுரம் இருப்பதால் வந்த சிக்கலை. கோபுரம் இல்லையேல் அச்சிக்கலும் இல்லை.

தொங்குபாலம் எங்கே தேவை? நடுவில் தூண் நிறுத்த முடியாத இடத்தில். கோல்டன் கேட்டில் கடல் ஆழமானது, நீரோட்டம் கடுமையானது, பெரிய கப்பல்கள் உள்ளே வரவேண்டும். ஆகவே கோபுரங்களுக்கிடையே 1,280 மீட்டர் இடைவெளி விட்டார்கள். அங்கே கோபுரத்தின் உயரமும் வடத்தின் வளைவும் கடலின் தேவையிலிருந்து பிறந்தவை. வளைகுடாப் பாலத்தின் மேற்குப் பாதியும் இப்படித்தான். ஓக்லண்ட் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் அந்தப் பாதியின் அடியில்தான் செல்கின்றன. கிழக்குப் பாதியின் கீழ் அத்தகைய கப்பல் போக்குவரத்து இல்லை. அங்கே நடுவில் தூண் நிறுத்தலாம் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. அதே பாலத்தின் மீதிப் பகுதி, இரண்டு கிலோமீட்டருக்கு, சுமார் 160 மீட்டருக்கு ஒரு தூணாக நின்றுகொண்டிருக்கிறது. அதன் அடியில் சுமார் 2.5 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களைச் சேற்றைத் துளைத்துப் பல பத்து மீட்டர் ஆழத்துக்குச் சாய்வாக இறக்கியிருக்கிறார்கள். நில அதிர்விலிருந்து காப்பது அதுதான். எந்த நாட்காட்டியிலும் அதன் படம் வராது.

அந்தத் தூண்வரிசைப் பகுதியின் வேலை 2002-இல் தொடங்கி 2008-க்குள் முடிந்துவிட்டது. கோபுரப் பகுதியின் கதை வேறு. 2004 மே மாதம் அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒரே ஒரு நிறுவனம்தான் முன்வந்தது. அது கேட்ட தொகை, வெளிநாட்டு எஃகைப் பயன்படுத்தினாலும் 140 கோடி டாலர். அரசு போட்ட மதிப்பீட்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இதுவரை யாரும் இந்த அளவில் கட்டாத ஒன்றை, நில அதிர்வுப் பகுதியில், சேற்றின்மேல் கட்டித் தா என்றால் போட்டி போட்டுக்கொண்டு யார் வருவார்கள்? ஆளுநர் ஷ்வார்ஸ்நெகரின் அரசு, கோபுரத்தைக் கைவிட்டுத் தூண்வரிசையையே தீவு வரை நீட்டிவிடலாம் என்று அவ்வாண்டு இறுதியில் சொன்னது. அப்போது கோபுரத்தின் அடித்தள வேலை தொடங்கியிருந்தது. இனி வடிவத்தை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. 2005-இல் மீண்டும் கோபுரமே என்று சட்டமாயிற்று, சுங்கம் ஏறிற்று. 2006-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2005-இல் எடுத்த முடிவை நான் குறை கூறவில்லை. பாதி தோண்டிய கிணற்றை விட்டு வேறு கிணறு தோண்டுவதும் செலவுதான். பிழை 1998-இல் நேர்ந்தது.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். காலதாமதத்தின் விலை என்ன? இதைக் கணக்கிட ஒரு வழி உண்டு. 2003 முதல் 2032 முடிய 30 ஆண்டுகளில் வளைகுடாப் பகுதியில் 6.7 அளவோ அதற்கு மேலோ உள்ள அதிர்வு ஒன்றாவது நேரும் வாய்ப்பு 62 விழுக்காடு என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 2003-இல் மதிப்பிட்டது. நேராமலிருக்கும் வாய்ப்பு 0.38. ஒவ்வோர் ஆண்டும் ஒரே வாய்ப்பு எனக் கொண்டால், முப்பது முறை தன்னோடு தான் பெருக்கினால் 0.38 வரக்கூடிய எண் எது என்று பார்க்கவேண்டும். மடக்கையைப் பயன்படுத்தினால் 0.968 என விடை வரும். ஆக ஆண்டுக்கு அதிர்வு நேரும் வாய்ப்பு 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சிறிய எண்போல் தோன்றும். தூண்வரிசை முடிந்த 2008-க்கும் பாலம் திறந்த 2013-க்கும் இடையே ஐந்து ஆண்டுகள். 0.968-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 0.85 கிடைக்கும். நூறு சீட்டுகள் உள்ள பானையில் பதினைந்து கறுப்புச் சீட்டுகள். கறுப்புச் சீட்டு விழுந்தால் ஒவ்வொரு முறையும் பழைய பாலம் விழுந்தே தீரும் என்பதில்லை; அதிர்வின் மையம் எங்கே என்பதைப் பொறுத்தது. ஆனாலும் 2,80,000 ஊர்திகளை ஏற்றிக்கொண்டு எடுக்கும் சீட்டு அது.

நல்ல வேளையாக வெள்ளைச் சீட்டே விழுந்தது. பிரேக் தேய்ந்த பேருந்து ஒரு மலைப்பாதையை இறங்கிப் பத்திரமாக ஊர் சேர்ந்துவிட்டால், அடுத்த நாளும் அதே பேருந்தை அனுப்பலாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். இங்கேயும் அந்த நியாயம்தான். பழைய பாலம் வேறு வழியிலும் எச்சரித்தது. 2009 செப்டம்பரில் அதன் எஃகுப் பட்டை ஒன்றில் விரிசல் கண்டார்கள். அவசரமாக ஒரு கட்டுப் போட்டார்கள். அக்டோபர் 27-ஆம் நாள் பலத்த காற்றில் அந்தக் கட்டின் பகுதிகள் கழன்று, ஓடிக்கொண்டிருந்த ஊர்திகளின் நடுவே விழுந்தன. யாரும் சாகவில்லை. பாலம் ஏறக்குறைய ஆறு நாள் மூடிக்கிடந்தது. தூண்வரிசைப் பகுதி அப்போது பக்கத்திலேயே முடிந்து, எதையும் தாங்காமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

2013 மார்ச்சில் இன்னொரு சோதனை வந்தது. கோபுரப் பகுதியின் கிழக்கு முனையைத் தாங்கும் தூணில், அதிர்வின்போது தளம் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும் பெரிய எஃகுப் பூட்டுகள் உள்ளன. அவற்றைத் தூணோடு பிணைக்கும் 96 எஃகுத் தண்டுகளின் நட்டுகளை முடுக்கி இழுவிசை ஏற்றினார்கள். இரண்டு வாரத்துக்குள் 32 தண்டுகள் முறிந்தன. தண்டின் விட்டம் சுமார் 7.5 சென்டிமீட்டர், என் மணிக்கட்டைவிடப் பருமன். காரணம் ஹைட்ரஜன். மிக உறுதியாக்கப்பட்ட எஃகுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் புகுந்தால், அவை படிகங்களின் எல்லைகளில் தங்கி எஃகை நொறுங்கச் செய்கின்றன. இழுவிசை ஏற்றிய கணத்தில் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத் திடீரென முறியும். இத்தண்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசப்பட்டிருந்தது. தூணிலுள்ள துளைகளில் அவை ஆண்டுக்கணக்கில் கிடந்தபோது அங்கே நீரும் தேங்கியிருந்தது. ஈரத்தில் துத்தநாகம் அரிக்கப்படும்போது எஃகின் பரப்பில் ஹைட்ரஜன் தோன்றும் என்பதை வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். தண்டுகளை உருவி மாற்றலாம் என்றால் மேலே தளம் இருந்தது, உருவ இடமில்லை. கடைசியில் பூட்டுகளின்மேல் எஃகுச் சேணம்போல் ஒன்றை அமைத்து இறுக்கினார்கள்.

இந்தப் பழியைக் கோபுரத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. தவறான எஃகைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாலத்திலும் தண்டு முறியும். ஆனால் பழகிய வடிவத்தில், இதே அளவு பாகங்கள் வேறு நூறு பாலங்களில் ஏற்கெனவே சோதனையாகியிருக்கும். புதுமையான வடிவத்தில் ஒவ்வொரு பாகமும் முதல் தடவையாகச் சோதனைக்கு வருகிறது. அதுவும் மக்கள் காத்திருக்கும்போது.

அழகு வேண்டாமா என்று சில வாசகர்கள் கேட்கலாம். வேண்டும். பொதுப்பணத்தில் கட்டுவதெல்லாம் பெட்டிபோல் இருக்கவேண்டும் என்பவன் அல்லன் நான். தூண்களின் வடிவிலும், தளத்தின் அடிப்பக்க வளைவிலும், கைப்பிடிச் சுவரிலும் அழகைக் கொண்டுவரலாம். அதற்குச் செலவு குறைவு, தாமதம் இல்லை. கோபுரம்தான் வேண்டுமென்றாலும், வடத்தைத் தளத்தோடு நேர்கோட்டில் கட்டித் தாங்கும் முறை ஒன்றும் அந்நாளில் ஆலோசனையில் இருந்தது. அதில் கோபுரத்திலிருந்து இருபுறமும் தராசுபோல் தளத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போகலாம். கடலில் முழுநீளச் சாரம் வேண்டியதில்லை. தோற்றத்துக்காக வடிவத்தைத் தேர்ந்து, பின் அந்த வடிவம் கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போனதுதான் இங்கே நடந்தது.

மற்றொரு மேலதிக வசதியான மிதிவண்டிப் பாதையைப் பற்றி நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன். அது தளத்தின் தெற்கு ஓரத்தில் செல்கிறது. நடப்பவர்களும் அதில் போகலாம். 2013-இல் ஒரு பகுதி திறந்து, 2016-இல் தீவை எட்டிற்று. ஆனால் தீவுக்கு அப்பால் பாலத்தின் மேற்குப் பாதி 1936-இல் கட்டியது. அதில் மிதிவண்டிக்கு இடம் இல்லை. ஓக்லண்டிலிருந்து மிதிவண்டியில் புறப்படுகிறவர் நான்கைந்து கிலோமீட்டர் மிதித்துத் தீவுக்கு வந்து, சான்பிரான்சிஸ்கோவைக் கண்ணால் பார்த்துவிட்டு, படகு ஏறவேண்டும். அல்லது கோபுரத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டே வந்த வழியில் திரும்பவேண்டும்.